பட்ஜெட்டை நாடாளுமன்றம் எப்படிச் சோதிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் வாசிக்கும் உரையை நாடே பார்க்கிறது. அதன் பிறகு மார்ச் கடைசிவரை நாடாளுமன்றத்தில் நடப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. வரி எவ்வளவு, செலவு எதற்கு என்பதற்குச் சட்டப்படி ஒப்புதல் கிடைப்பது அந்த இரண்டு மாதங்களில்தான். ஒன்றிய பட்ஜெட்டை முன்வைத்து, எங்கே சோதனை உண்மையாக நடக்கிறது, எங்கே பெயரளவில் முடிகிறது என்பதற்கான பதில்கள் இங்கே.

உரை முடிந்ததும் பட்ஜெட் அமலுக்கு வந்துவிடுமா?

வராது. சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 265ஆம் பிரிவு. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதிக்காமல் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் வரவும் கடனும் சேரும் பொதுக் கணக்கிலிருந்து, ஒரு ரூபாயும் எடுக்க முடியாது என்கிறது 114ஆம் பிரிவு. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். வரிக்கு நிதி மசோதா, செலவுக்கு நிதி ஒதுக்க மசோதா.

ஒரு விலக்கு உண்டு. சுங்க வரி, கலால் வரி மாற்றங்கள் அன்று நள்ளிரவே நடைமுறைக்கு வரலாம். இல்லாவிட்டால் வரி ஏறப்போகிறது என்று தெரிந்ததும் சரக்கை அவசர அவசரமாக வெளியே எடுத்துவிடுவார்கள். இதற்கு 1931ஆம் ஆண்டு முதல் ஒரு தற்காலிக வரி வசூல் சட்டம் இருந்தது. 2023இல் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. இந்த வசூலின் ஆயுள் 75 நாட்கள். அதற்குள் மசோதா நிறைவேறியாக வேண்டும்.

பிப்ரவரி 1 முதல் மார்ச் 31 வரை என்னென்ன நடக்கும்?

முதலில் இரு அவைகளிலும் பொது விவாதம். இதில் தீர்மானமும் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது, பேசலாம், அவ்வளவுதான். பிறகு அவைகளுக்கு மூன்று நான்கு வாரம் இடைவேளை. அந்த நேரத்தில் இரு அவை உறுப்பினர்களும் அடங்கிய துறைசார் நிலைக்குழுக்கள் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை, அதாவது செலவுக்கு அவர்கள் கேட்கும் தொகைகளை, ஆராய்கின்றன. அவைகள் மீண்டும் கூடியதும் மக்களவையில் சில அமைச்சகங்களின் கோரிக்கைகள் மட்டும் விவாதிக்கப்படும். மீதி மொத்தமாக வாக்கெடுப்புக்கு வரும். அதைத் தொடர்ந்து நிதி ஒதுக்க மசோதா, நிதி மசோதா, மாநிலங்களவை, குடியரசுத் தலைவரின் ஒப்புதல்.

2017க்கு முன் பட்ஜெட் பிப்ரவரி கடைசி நாளில் வந்தது. முழு ஒப்புதல் கிடைக்க மே மாதம் ஆகிவிடும். அதுவரை இரண்டு மாதச் செலவுக்குத் தனியாக அனுமதி வாங்குவார்கள். இப்போது அந்தத் தேவை தேர்தல் ஆண்டில்தான் வருகிறது. 2024இல் பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட்டும், தேர்தலுக்குப் பின் ஜூலை 23 அன்று முழு பட்ஜெட்டும் வந்தன.

இத்தனை ஆவணங்களில் எதை முதலில் பிரிப்பது?

உரையை அல்ல. செலவின பட்ஜெட்டைப் பிரித்து, உங்களுக்கு வேண்டிய அமைச்சகத்தின் கோரிக்கைக்குப் போங்கள். அங்கே அட்டவணையில் நான்கு பத்திகள் (செங்குத்து வரிசைகள்) இருக்கும். 2025 பிப்ரவரி பட்ஜெட் என்றால், 2023-24இன் உண்மைச் செலவு, 2024-25இன் பட்ஜெட் மதிப்பீடு, 2024-25இன் திருத்திய மதிப்பீடு, 2025-26இன் பட்ஜெட் மதிப்பீடு.

பெரும்பாலானோர் ஏமாறும் இடம் மூன்றாவது பத்தி. ஒரு திட்டத்துக்குச் சென்ற ஆண்டு 1,000 கோடி அறிவித்தார்கள், நடுவில் 600 கோடியாகக் குறைத்தார்கள், இந்த ஆண்டு 800 கோடி தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் 33% உயர்வு. முதலில் அறிவித்ததோடு ஒப்பிட்டால் 20% வெட்டு. இரண்டும் பொய்யல்ல. எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பார்க்காமல் சதவீதத்தை நம்பக் கூடாது.

அடுத்தது கணக்குத் தலைப்பு எண்கள். நான்கு இலக்கப் பெருந்தலைப்பின் முதல் இலக்கம் நிறையச் சொல்லிவிடும். 0 அல்லது 1இல் தொடங்கினால் வருவாய் வரவு. 2 அல்லது 3 என்றால் வருவாய்ச் செலவு. 4 அல்லது 5 மூலதனச் செலவு. 6 அல்லது 7 கடன். மருத்துவம், பொதுச் சுகாதாரத்துக்கு 2210. அதோடு 2000 கூட்டினால் 4210, அதே துறையின் மூலதனச் செலவு. இன்னொரு 2000 கூட்டினால் 6210, அந்தத் துறைக்கான கடன். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் கட்டடத்துக்கு எவ்வளவு, சம்பளத்துக்கும் மருந்துக்கும் எவ்வளவு என்று தோராயமாகப் பிரித்துவிடலாம்.

இரண்டு குழிகளைக் கவனிக்க வேண்டும். ஒன்றிய அரசு மாநிலங்களுக்குத் தரும் உதவி 3601 என்ற தலைப்பில் வரும். 2210ஐ மட்டும் கூட்டிவிட்டு ‘சுகாதாரத்துக்கு இவ்வளவுதானா’ என்று கேட்டால் அமைச்சகச் செயலாளர் ஒரே வரியில் வாயடைத்துவிடுவார். மற்றொன்று 2552, வடகிழக்கு மாநிலங்களுக்கான மொத்த ஒதுக்கீடு. மதிப்பீட்டுப் பத்தியில் தொகை இருக்கும், உண்மைச் செலவுப் பத்தி காலியாக இருக்கும். பணம் செலவாகவில்லை என்று பொருளல்ல; செலவழிக்கும்போது அது அந்தந்தத் துறையின் தலைப்புக்கு மாற்றப்பட்டுவிடுகிறது. இதைத் தெரியாமல் ‘வடகிழக்குக்கு ஒரு பைசாகூடச் செலவிடவில்லை’ என்று பேசுவது ஆண்டுதோறும் நடக்கிற தவறு.

2018இல் பட்ஜெட் 24 லட்சம் கோடி என்றார்கள், மக்களவை 89 லட்சம் கோடிக்கு ஒப்புதல் தந்தது என்றும் செய்தி வந்தது. எது சரி?

இரண்டும் சரி. 2018-19 பட்ஜெட்டின் மொத்தச் செலவு 24.42 லட்சம் கோடி ரூபாய். நிதி ஒதுக்க மசோதாவில் இருந்தது 89.25 லட்சம் கோடி. தொகுப்பு நிதியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அனுமதி வேண்டும் என்பதால் பழைய கடனைத் திருப்பித் தரும் தொகையும் மசோதாவில் சேரும். குறுகிய காலக் கடன் பத்திரங்கள் ஒரே ஆண்டில் பலமுறை முதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் அது வெளியேறும் பணமாகவே கணக்காகும். பட்ஜெட்டின் மொத்தத் தொகையிலோ இதெல்லாம் வராது; துறைகள் திரும்பப் பெறும் தொகைகளும் அங்கே கழிக்கப்பட்டிருக்கும்.

ஒரு திட்டத்துக்குப் பணம் போதாது என்று கருதினால் உறுப்பினர்கள் கூட்டித் தர முடியுமா?

முடியாது. 113ஆம் பிரிவு மக்களவைக்கு மூன்று வழிகளை மட்டுமே தருகிறது. ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்து ஏற்கலாம். நிதி ஒதுக்க மசோதா வரும் கட்டத்தில் குறைக்கவும் வழியில்லை. தொகையையோ அது போய்ச்சேரும் இடத்தையோ மாற்றும் திருத்தம் எதுவும் செல்லாது. வரியிலும் இதே ஒருபக்கச் சாய்வுதான். வரியைக் குறைக்கவோ நீக்கவோ உறுப்பினர் திருத்தம் தரலாம். கூட்டுவதற்குக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும், அதாவது அரசே விரும்ப வேண்டும்.

வாக்கெடுப்புக்கே வராத செலவும் இருக்கிறது. வட்டி, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஊதியம் போன்றவை. இவற்றை விவாதிக்கலாம், வாக்களிக்க முடியாது. கேட்க ஏதோ நாலு பேருடைய சம்பளம் மாதிரித் தோன்றும். ஆனால் 2025-26 பட்ஜெட்டின் 50.65 லட்சம் கோடியில் வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. நாலில் ஒரு ரூபாய் அவையின் வாக்குக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

வெட்டுத் தீர்மானம் என்பது என்ன? 100 ரூபாய் குறைப்பதில் என்ன பயன்?

மூன்று வகை உண்டு. அரசின் கொள்கையையே ஏற்கவில்லை என்றால் ‘கோரிக்கையின் தொகையை 1 ரூபாயாகக் குறைக்க வேண்டும்’ என்று கேட்பது கொள்கை மறுப்பு வெட்டு. இதைக் கொடுப்பவர் எந்தக் கொள்கை என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். மாற்றுக் கொள்கையை முன்வைத்தும் பேசலாம். வீண்செலவு என்று கருதும் குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்வது சிக்கன வெட்டு. ஒரு குறையை அவையில் எழுப்புவதற்காக 100 ரூபாய் குறைக்கச் சொல்வது அடையாள வெட்டு.

அந்த 100 ரூபாயால் கஜானாவுக்கு ஒன்றும் ஆகாது. குறிப்பிட்ட குறை, குறிப்பிட்ட கோரிக்கையின் கீழ், அமைச்சர் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் பதிவாகிறது என்பதுதான் பயன். அடையாள வெட்டு ஒன்றின் வாசகம் இப்படி இருக்கும்:

‘... என்ற தலைப்பின் கீழ் உள்ள கோரிக்கை 100 ரூபாய் குறைக்கப்பட வேண்டும். (அரசு நிறுவனங்களுக்குப் பொருள் வழங்கிய சிறு தொழிற்கூடங்களுக்கு உரிய காலத்தில் பணம் பட்டுவாடா ஆகாமை.)’

நோட்டீஸ்கள் தள்ளுபடியாகும் காரணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரே தீர்மானத்தில் இரண்டு விஷயம். மாநில அரசின் பொறுப்பில் உள்ள விஷயம். நடப்பில் உள்ள சட்டத்தைத் திருத்தச் சொல்வது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது. வாக்கெடுப்புக்கு வராத செலவைத் தொடுவது. கோரிக்கை எடுக்கப்படும் நாளுக்கு ஒரு நாள் முன்பே நோட்டீஸ் வந்திருக்க வேண்டும். தாமதமானால் வேறொரு உறுப்பினர் ஆட்சேபம் எழுப்பலாம். ‘கூடுதல் நிதி ஒதுக்காமையைக் கண்டித்து’ என்று எழுதும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். செலவைக் கூட்டச் சொல்வதுபோல் படித்தால் அது வெட்டுத் தீர்மானமே அல்ல. இருக்கிற தொகை ஏன் சரியாகச் செலவாகவில்லை என்று திருப்பி எழுதினால் நிற்கும்.

இவை ஏன் எப்போதும் தோற்கின்றன?

வெட்டுத் தீர்மானம் ஒன்று ஜெயித்தால் அரசு பெரும்பான்மையை இழந்ததாகக் கருதுவது மரபு. அதனால் ஆளும் கட்சி கொறடா உத்தரவு போடும். மீறி வாக்களித்தால் 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவி பறிபோகலாம். 2010 ஏப்ரல் 27 அன்று எரிபொருள், உர விலை உயர்வுகளை எதிர்த்து வந்த வெட்டுத் தீர்மானங்கள் மீது மக்களவையில் உண்மையான பலப்பரீட்சை நடந்தது. அரசுக்கு 289, எதிராக 201. அன்று ஊடகங்கள் யார் எந்தப் பக்கம், யார் வெளிநடப்பு என்பதை எண்ணிக்கொண்டிருந்தன. உர விலை பின்னால் போய்விட்டது. கொள்கை விவாதத்தை நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றிவிடும் இந்த மரபால் அவைக்குத்தான் நஷ்டம் என்பது எங்கள் கருத்து.

அப்படியானால் உண்மையான சோதனை எங்கே நடக்கிறது?

நிலைக்குழு அறையில். 1993இல் 17 துறைசார் நிலைக்குழுக்கள் அமைந்தன. 2004இல் அது 24 ஆனது. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும். கேமரா இல்லை, கொறடா இல்லை. அதனாலேயே ஆளும் கட்சி உறுப்பினரும் அமைச்சகச் செயலாளரைக் கடுமையாகக் கேள்வி கேட்பார்.

கேட்கத் தெரிந்த உறுப்பினர் கேட்பது இவை: மூன்று காலாண்டுகளில் எவ்வளவு செலவாயிற்று? கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கும், மார்ச் மாதத்தில் 15 சதவீதத்துக்கும் மேல் செலவிடக் கூடாது என்ற நிதியமைச்சகத்தின் வரம்பு காக்கப்பட்டதா? அமைச்சகம் நிதியமைச்சகத்திடம் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு? மாநிலங்களிடம் செலவாகாமல் கிடக்கும் இருப்பு எவ்வளவு? பயன்பாட்டுச் சான்றிதழ் (பணம் உரிய வேலைக்கே செலவானது என்ற சான்று) வராத தொகை எத்தனை ஆண்டுப் பழையது? கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளி பட்ஜெட் புத்தகங்களில் எங்கும் இருக்காது. குழு அறிக்கையில்தான் கிடைக்கும்.

குழு அறிக்கை அரசைக் கட்டுப்படுத்தாது. வெட்டுத் தீர்மானம் போன்ற எதையும் குழு பரிந்துரைக்கவும் கூடாது. ஆனால் மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு பரிந்துரைக்கும் அரசு பதில் தர வேண்டும். அதை வைத்துக் குழு ‘நடவடிக்கை அறிக்கை’ ஒன்றைத் தரும். மக்களவைச் செயலகத்தின் கீழுள்ள குழுக்களின் நடவடிக்கை அறிக்கை கையில் கிடைத்தால் நேராக நான்காம் அத்தியாயத்துக்குப் போங்கள். அரசின் பதிலைக் குழு ஏற்க மறுத்த பரிந்துரைகள் அங்கே இருக்கும். இரண்டாம் அத்தியாயம் அரசு ஏற்றுக்கொண்டவை. மூன்றாவது, பதிலைக் கேட்டபின் குழு வலியுறுத்த விரும்பாதவை. ஐந்தாவது, இறுதிப் பதில் வராதவை. ‘பரிந்துரை கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்ற பதில் இரண்டாம் அத்தியாயத்தில் நிறையக் கிடைக்கும். அதற்கு நடைமுறையில் பொருள் ஏதுமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அமைச்சர் அவையில் தர வேண்டிய நிலை அறிக்கையோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

இதுவும் தவறிப்போவது உண்டு. 2024இல் பட்ஜெட் ஜூலையில் வந்தது, கோரிக்கைகள் ஆகஸ்டில் நிறைவேறின, குழுக்களோ செப்டம்பர் கடைசியில்தான் அமைந்தன. ஒப்புதல் முடிந்தபிறகு குழுக்கள் அதே கோரிக்கைகளை ஆராய்ந்து டிசம்பரில் அறிக்கை தந்தன.

கில்லட்டின் என்றால் என்ன?

கோரிக்கைகள் நூற்றுச் சொச்சம். விவாதத்துக்குக் கிடைக்கும் நாட்களில் நாலைந்து அமைச்சகங்களைத் தொட்டாலே பெரிது. ஒதுக்கிய கடைசி நாளில், குறித்த நேரத்தில், மீதமுள்ள எல்லாக் கோரிக்கைகளையும் மக்களவைத் தலைவர் விவாதமின்றி ஒன்றாக வாக்கெடுப்புக்கு விடுவார். இதுதான் கில்லட்டின். கெடு இருப்பதில் தவறில்லை. கெடு இல்லாவிட்டால் ஏப்ரல் 1 அன்று சம்பளம் போட முடியாது. அமளியால் ஒரு கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் அத்தனையும் கில்லட்டினில் போவதுதான் சிக்கல். 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் அதுதான் நடந்தது. எதிர்க்கட்சி கூச்சலிட்டது, ஆளுங்கட்சி குரல் வாக்கெடுப்பில் முடித்துக்கொண்டது. இதில் யார் பக்கம் பிழை என்பதைவிட, எந்தப் பக்கத்துக்கும் இழப்பில்லை என்பதையே கவனிக்க வேண்டும்.

நிதி மசோதாவில் கடைசி நேரத் திருத்தங்கள் என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

பட்ஜெட்டில் மிகவும் கவனிக்க வேண்டிய இடமே அதுதான். பிப்ரவரி 1 அன்று வரும் மசோதாவைப் படித்து வல்லுநர்கள் கருத்துச் சொல்லிவிடுவார்கள். மார்ச் கடைசியில் அரசே திருத்தங்களைக் கொண்டுவரும். அவற்றைப் படிக்க ஓரிரு நாள்கூட இருக்காது. 2023 மார்ச் 24 அன்று மக்களவை 64 அரசுத் திருத்தங்களோடு நிதி மசோதாவை நிறைவேற்றியது. கடன் பத்திர மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு இருந்த நீண்டகால ஆதாய வரிச் சலுகை அதில்தான் போயிற்று. பிப்ரவரி மசோதாவில் அது இல்லை.

2020 மார்ச் 23, பெருந்தொற்றால் அவை ஒத்திவைக்கப்பட்ட நாள். அன்று விவாதமின்றி நிறைவேறிய திருத்தங்களில் ஒன்று, பெட்ரோல், டீசல் மீதான சிறப்புக் கூடுதல் கலால் வரியின் உச்சவரம்பை லிட்டருக்கு 8 ரூபாய் உயர்த்தியது. புதிய வரம்பு பெட்ரோலுக்கு 18 ரூபாய், டீசலுக்கு 12 ரூபாய். அன்று பெட்ரோல் பங்க்குகளில் விலை மாறவில்லை, ஆகவே யாரும் கவனிக்கவில்லை. மே மாதம் கலால் வரிகள் மொத்தமாகப் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் ஏறின. அதில் சிறப்புக் கூடுதல் கலால் வரியின் பங்குக்கு நாடாளுமன்றம் மார்ச்சிலேயே இடம் கொடுத்துவிட்டிருந்தது. நிதி மசோதாவில் ‘வரம்பு’ என்ற சொல்லைக் கண்டால், இன்றைய விகிதத்துக்கும் அந்த வரம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பு பலித்த கதையும் உண்டு. 2024 ஜூலை பட்ஜெட், வீடு, நிலம் விற்பனையில் பணவீக்கச் சரிக்கட்டலை (வாங்கிய விலையை விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவதை) நீக்கி 12.5% வரி என்றது. அவைக்கு உள்ளேயும் வெளியேயும் எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்டில் வந்த திருத்தத்தில், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்துக்குத் தனிநபர்களும் இந்துக் கூட்டுக் குடும்பங்களும் பழைய கணக்கில் 20%, புதிய கணக்கில் 12.5% இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்று மாறியது. எளிய கணக்கு மூலம் எத்தனை பேர் நஷ்டப்படுவார்கள் என்று காட்ட முடிந்ததால்தான் அது நடந்தது.

மாநிலங்களவைக்கு என்ன வேலை?

விவாதிக்கலாம், பரிந்துரைக்கலாம், 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மானியக் கோரிக்கைகள் மீது வாக்களிக்க முடியாது. 2017 மார்ச் 29 அன்று நிதி மசோதாவுக்கு ஐந்து திருத்தங்களை மாநிலங்களவை ஏற்றது. நிறுவனங்கள் கட்சிகளுக்குத் தரும் நன்கொடைக்கு இருந்த 7.5% இலாப வரம்பை நீக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. மறுநாளே மக்களவை ஐந்தையும் நிராகரித்தது. கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை தரும் தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு வழி செய்ததும் அதே நிதிச் சட்டம். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையும், வரம்பு நீக்கத்தையும் செல்லாது என்றது. வரிக்குத் தொடர்பில்லாத விஷயங்களை நிதி மசோதாவில் திணித்தால் மாநிலங்களவையைத் தாண்டிவிடலாம் என்பதே இந்த வழியின் கவர்ச்சி. பண மசோதா (மாநிலங்களவை பரிந்துரை மட்டுமே செய்யக்கூடிய மசோதா) எது என்பதன் எல்லை குறித்த கேள்வியை, 2017 நிதிச் சட்டத்தின் தீர்ப்பாயப் பகுதி தொடர்பான வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

ஜிஎஸ்டி விகிதத்தை நாடாளுமன்றம் தீர்மானிக்கிறதா?

இல்லை. உச்சவரம்பு சட்டத்தில் இருக்கிறது. விகிதத்தை ஒன்றிய, மாநில அமைச்சர்கள் அடங்கிய ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்கிறது. அறிவிக்கை மூலம் அமலாகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கணக்கான பொருட்களின் விகிதம் மாறியபோது நாடாளுமன்றத்திலோ சட்டமன்றங்களிலோ அதற்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. கவுன்சிலில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. முடிவுக்கு நாலில் மூன்று பங்கு தேவை. அங்கே நடக்கும் பேச்சுக்கு எந்தச் சட்டமன்றத்திலும் முன்கூட்டிய விவாதம் கட்டாயமில்லை.

நடு ஆண்டில் வரும் துணை மானியக் கோரிக்கையை எப்படிப் படிப்பது?

முதலில் மொத்தத் தொகையை விட்டுவிட்டு நிகர ரொக்கச் செலவைத் தேடுங்கள். 2023 டிசம்பரில் வந்த தொகுப்பு 1.29 லட்சம் கோடி ரூபாய்க்கு அனுமதி கேட்டது. புதிதாக வெளியேறும் பணம் 58,378 கோடிதான். மீதி வேறு இடங்களின் மிச்சத்தால் ஈடாகும். தலைப்புச் செய்தி பெரும்பாலும் முதல் எண்ணோடு வரும்.

பிறகு மிகச் சிறிய அடையாளத் தொகைகளைப் பாருங்கள். கோரிக்கைக்குள்ளேயே மிச்சம் இருந்தாலும், ‘புதிய சேவை’ ஒன்றைத் தொடங்க அவையின் அனுமதி வேண்டும். அதற்காக ஒரு சிறு தொகை கேட்கப்படும். புதிய திட்டங்கள் ஓசையில்லாமல் நுழையும் கதவு இது.

செலவு முடிந்தபின் யார் கேட்பது?

பொதுக் கணக்குக் குழு. 1921இலிருந்து இருக்கிறது, 22 பேர், 1967 முதல் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே இதன் கைக்கோல். ஒரு கோரிக்கையில் 100 கோடி ரூபாய்க்கு மேல் மிச்சமானால் அமைச்சகம் விளக்கம் தர வேண்டும். மிச்சம் பிடித்தது நல்லதுதானே என்று தோன்றலாம். செலவழிக்க முடியாத தொகையைக் கேட்டு வாங்கி, இன்னொரு துறைக்குக் கிடைக்காமல் செய்தது என்றே குழு அதைப் பார்க்கும். அனுமதித்ததைவிடக் கூடுதலாகச் செலவழித்தால், குழு ஆராய்ந்தபிறகு அதற்கும் அவையின் ஒப்புதல் வேண்டும்.

பெரிய குறை தாமதம். கணக்கு முடிந்து, தணிக்கை நடந்து, குழு பேசும்போது அந்தப் பணத்தைச் செலவழித்த செயலாளர் வேறு துறைக்குப் போயிருப்பார் அல்லது ஓய்வு பெற்றிருப்பார்.

குழுவுக்கு அனுப்பியதால் பொருளாதார மசோதா ஒன்று நிஜமாகவே மாறியது உண்டா?

உண்டு. புதிய வருமான வரி மசோதா 2025 பிப்ரவரி 13 அன்று அறிமுகமாகி, பைஜயந்த் பாண்டா தலைமையில் 31 உறுப்பினர் தேர்வுக் குழுவுக்குப் போனது. ஜூலை 21 அன்று வந்த அறிக்கையில் 285 பரிந்துரைகள். கெடு தவறிக் கணக்குத் தாக்கல் செய்தவர்களுக்கு ரீஃபண்ட் கிடைக்காமல் போகக்கூடிய ஒரு வாசகத்தை நீக்கச் சொன்னது அவற்றில் ஒன்று. அரசு பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, திருத்திய மசோதாவை ஆகஸ்ட் 11 அன்று கொண்டுவந்தது. அன்றே மக்களவை அதைச் சில நிமிடங்களில் நிறைவேற்றிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். குழுவில் ஐந்து மாதம், அவையில் சில நிமிடம்.

2017இல் வந்த நிதித் தீர்வு, வைப்புக் காப்பீட்டு மசோதா இன்னொன்று. வங்கி நொடித்தால் வைப்புதாரர் பணத்தையும் இழப்பில் சேர்க்க இடம் தரும் ஒரு பிரிவு அதில் இருந்தது. கூட்டுக் குழுவின் கையில் இருக்கும்போதே எதிர்ப்பு வலுத்து, 2018 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது.

சாதாரணக் குடிமகன் குழுவுக்குக் கருத்து அனுப்ப முடியுமா?

முடியும். மசோதா குழுவுக்குப் போனதும் நாளிதழ்களிலும் நாடாளுமன்ற இணையதளத்திலும் அறிவிப்பு வரும். பெரும்பாலும் இரண்டு வார அவகாசம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்பார்கள் என்பது தமிழில் எழுதுவோருக்கு ஒரு தடைதான். இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், நீங்கள் விரும்பும் வாசகம், காரணம், ஒரு கணக்கு உதாரணம். இந்த வரிசையில் எழுதினால் குழுச் செயலக அதிகாரி அப்படியே தன் அட்டவணையில் ஏற்றிக்கொள்வார். ‘மக்கள் விரோத மசோதாவைக் கைவிடுக’ என்று மட்டும் எழுதினால் எண்ணிக்கையில் சேரும், விவாதத்தில் சேராது. நேரில் சாட்சியம் தர விரும்பினால் அதை முதல் பத்தியிலேயே கேளுங்கள். அனுப்பியபிறகு அது குழுவின் ஆவணம். குழு வெளியிடும் முன் நீங்களே முகநூலில் போட்டால் உரிமை மீறல் பிரச்சினை வரலாம்.

தமிழ்நாடு சட்டப்பேரவையில் இதெல்லாம் எப்படி?

மானியக் கோரிக்கை, வெட்டுத் தீர்மானம், துணை மானியம் எல்லாம் உண்டு. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு ஆகியவையும் உண்டு. கோரிக்கை நாளில் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு கைக்கு வரும். அது நல்ல ஆவணம். டெல்லியில் இதற்கு இணையாக இவ்வளவு எளிய வடிவில் எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் கோரிக்கைகளை முன்கூட்டியே ஆராயும் துறைசார் நிலைக்குழுக்கள் தமிழ்நாட்டில் இல்லை. கேரளத்தில் 1980 முதல் பொருள்வாரிக் குழுக்கள் இருக்கின்றன. இங்கே ஒரு உறுப்பினர் காலையில் கையில் வாங்கிய குறிப்பை வைத்துக்கொண்டு அன்றே பேச வேண்டும். அதனால் அனுபவமுள்ளவர்கள் சென்ற ஆண்டின் குறிப்பையும் கூடவே எடுத்துவருவார்கள். போன வருடம் ‘பணிகள் நடைபெற்று வருகின்றன’ என்று அச்சான அதே வரி இந்த வருடமும் இருக்கிறதா என்று பார்க்க.